ஏழாவது கொடியடியில் நிற்கிறவருக்கு

இஞ்சருங்கோ,

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் எழுதவும் கை வரவில்லை. குசினிக்குள் நின்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

உப்புவெளியில் இந்த முறை மழை பிந்தித்தான் தொடங்கியது. நீங்கள் வைத்த முருங்கை காற்றுக்கு முறிந்து, முறிந்த இடத்திலேயே திரும்பவும் துளிர்த்திருக்கிறது. முன்பக்கத்து அறைகள் மூன்றிலும் வெள்ளைக்காரர் வந்து தங்கிப் போகிறார்கள். உங்கள் கதிரையில் யாராவது இருந்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. தங்க வந்தவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு விசா கிடைத்துவிட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு போக நம் மகன் கபிலன் வெள்ளிக்கிழமை மெல்பேர்ணிலிருந்து வருகிறான். அறைகளைத் தங்கச்சியின் மகள் பார்த்துக்கொள்வாள். எல்லாம் ஒழுங்கு, ஒன்றைத் தவிர. சீனன்குடா கோல்ஃப் மைதானத்தில் ஏழாவது குழியின் கொடியடியில் நீங்கள் இன்னும் நிற்கிறீர்களா? நின்றுகொண்டிருக்கிற உங்களை அப்படியே விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது?

இந்தக் கடிதத்தை ஒரு நாள் வேறு ஆட்களும் எடுத்துப் படிக்கக்கூடும். எனக்குப் பைத்தியம் என்று அவர்கள் நினைக்கக் கூடாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். பொறுமையாகக் கேளுங்கோ. உயிரோடு இருந்தபோதுதான் அந்தப் பொறுமை இருக்கவில்லை.

துறைமுகத்தில் உங்கள் வேலை பாரந்தூக்கிக்குக் கைகாட்டுவது. மேலே கூண்டுக்குள் இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் உங்கள் கையில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதைக்கூட எனக்குக் கையால்தான் காட்டுவீர்கள். அந்தக் காலத்தில்தான் நம் அறையில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர், முதுகு நோவோடு தன் கோல்ஃப் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது என்று பையோடு விட்டுவிட்டுப் போனார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன் நான்.

"பொறும், ஒருக்கா அடிச்சுப் பாப்பம்," என்றீர்கள் நீங்கள்.

அந்த ஒருக்கா எட்டு வருஷம் ஓடியது. விடியக் காலமையே எழும்பி, நான் பஞ்சாபிச் சட்டையும் கபிலனின் பழைய சப்பாத்தும் போட்டுக்கொண்டு, நீங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறிப் போவோம். "என்ன அங்கிள், பெரிய மீனோ?" என்று கேட்ட கண்டக்டர் இப்போதும் அந்தப் பஸ்ஸில்தான் நிற்கிறான். உங்களைக் கேட்டான். சொன்னேன். அன்றைக்கு எனக்கு டிக்கெட் போட மறந்துபோனான்.

ஏழாவது குழி குடாவைப் பார்த்தபடி இருக்கிறது. விடிய நேரம் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணுக்குள் அடிக்கும். கொடி எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதனால் அந்தக் குழிக்கு மட்டும் நமக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் நீங்கள் அடிப்பீர்கள். பிறகு, "நீர் ஆறுதலா அடியும், நான் முன்னுக்குப் போய் நிக்கிறன்," என்று சொல்லிவிட்டு நடப்பீர்கள். கொடிக்கு இரண்டு மீற்றர் இந்தப் பக்கமாக, கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கி, வெள்ளைச் சட்டையோடு நின்று கையைத் தூக்குவீர்கள். உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக அடிக்க வேண்டும். முஷ்டி பிடித்தால் சரி, அடிக்கலாம்.

பந்து உங்களுக்குப் பட்டுவிடாதா என்று கேட்டேன். "நீர் அடிக்கிற பந்து இஞ்ச வந்து சேர்ந்தால்தானே," என்றீர்கள். அது வந்து சேரவே இல்லை என்பது வேறு கதை. எந்த நாளும் கொடிக்கு முன்னால் இருக்கிற மணல் குழிக்குள்தான் போய் விழும். மற்றவர்கள் அதைப் பங்கர் என்றால் உங்களுக்கு முகம் மாறிவிடும். "சண்டை நேரம் நாங்கள் பதுங்கி இருந்த பங்கர் காணும்," என்பீர்கள். அந்த மணலுக்குள் நீங்கள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை, சுற்றித்தான் போவீர்கள். உள்ளே இறங்கிப் பந்தைத் தோண்டி எடுப்பது என் வேலையாக இருந்தது.

கபிலன் அந்த ரேஞ்ச் ஃபைண்டரை அனுப்பிய அன்று நீங்கள் கோபித்தது நினைவிருக்கிறதா? கைக்கடக்கமான ஒரு கறுப்புச் சாமான். ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பொத்தானை அமத்தினால், எதைப் பார்க்கிறோமோ அது எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று காட்டும். "என்ர காலுக்குத் தெரியாத தூரம் இதுக்குத் தெரியுமோ?" என்று கேட்டு அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். ஏழாவது குழிக்கு நீங்கள் காலால் அளந்து சொன்னது நூறு மீற்றர். நானும் நம்பினேன்.

பிறகு ஒரு விடியப்புறம், நித்திரையிலேயே, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டீர்கள். எட்டு வருஷம் முன்னுக்குப் போய் நின்று கை காட்டிய மனிசன், அன்றைக்கு மட்டும் ஒரு கையும் காட்டவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாம்பலைக் கடலில் கரைத்தபோது, "இனி அவர் போற இடத்துக்குப் போயிடுவார் அம்மா. திரும்பிப் பாராமல் நடவுங்கோ," என்றார் ஐயர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து நோகும் அளவுக்கு நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் இருக்க ஏலாமல்தான் திரும்பவும் மைதானத்துக்குப் போனேன். கொடியடியில் நிற்க ஆளில்லை என்பதால் அலுமாரியைத் திறந்து அந்தச் சாமானையும் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அது ஒரு தூரத்தையும் ஒழுங்காகக் காட்டவில்லை. என் கை நடுங்கியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தி, பிறகு பொத்தானை அமத்த வேண்டும் என்று கபிலன் ஃபோனில் சொல்லித் தந்தான். கொடியைப் பிடித்ததும் உள்ளங்கைக்குள் ஒரு சின்னத் துடிப்பு வரும். அந்தத் துடிப்பு வராமல் வருகிற தூரத்தை நம்பக் கூடாது. அது பின்னால் நிற்கிற மரத்தின் தூரமாக இருக்கும்.

முதல் வேலையாக ஏழாவது குழியை அளந்தேன். என்ன காட்டியது தெரியுமோ? நூற்றுப் பன்னிரண்டு! உங்கள் கால் நீளம், நீங்கள் எட்டி வைக்கிற ஒரு அடி ஒரு மீற்றரை விடக் கூட. அந்தக் கொக்குக் காலை நம்பி எட்டு வருஷமாக நான் மணலைத் தோண்டியிருக்கிறேன். வெறும் மைதானத்தில் நின்று உங்களைப் பெலமாக ஏசினேன். புல்லு வெட்டிக்கொண்டிருந்த அன்வர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

அதற்குப் பிறகு என் ஆட்டம் திருந்தியது. ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பத்துப் பந்து அடித்து, பந்து விழுந்த இடத்தை அளந்தேன். ஏழாம் நம்பர் மட்டையால் நூறு போகும் என்று நினைத்திருந்தேன். எண்பத்தைந்துதான் போகிறது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளதைத் தெரிந்துகொண்ட பிறகு மட்டையை எடுப்பது லேசாகிவிட்டது. கொடியை அளக்க முதல் மணல் குழியின் அங்காலக் கரையை அளப்பேன். அதைத் தாண்டினால் போதும் என்று அடிப்பேன். குடாக் காற்று எதிரே வந்தால் ஒரு மட்டை பெரிதாக எடுப்பேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களைத் தோற்கடித்திருப்பேன். நீங்கள் அதற்கும் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பீர்கள்.

இனிச் சொல்லப்போவதைத்தான் ஒருவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

ஏழாவது குழியில் ஒரு நாள் கொடியைப் பிடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. உறுதிப்படுத்த இன்னொரு தரம் அமத்தினேன். துடிப்பு வந்தது. நூற்றுப் பத்து. கண்ணாடிக்குள் பார்த்தால் கொடி, அதற்குப் பின்னால் தண்ணீர், வேறொன்றும் இல்லை. மற்றக் குழிகளில் இப்படி நடக்கவில்லை. பற்றரி மாற்றினேன். வேறொரு நாள் போனேன். கொடியைப் பிடித்தால் நூற்றுப் பன்னிரண்டு, கொஞ்சம் இடப்பக்கம் சரித்தால் நூற்றுப் பத்து. வெறுங்காற்றுக்கு அந்தச் சாமான் துடிக்காது. பட்டுத் திரும்ப ஏதாவது அங்கே நிற்க வேண்டும்.

கபிலனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, கொடிக்கு முன்னால நிக்கிற சாமானையும் அது பிடிக்கும். அது வழமைதான்," என்றான்.

"முன்னால ஒண்டும் நிக்கேல்லையே தம்பி."

"அப்ப பனியாயிருக்கும். விடிய அந்தப் பக்கம் பனி இருக்கும்தானே."

"பனி ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில வந்து நிக்குமோ?"

பிறகு, "நீங்கள் தனிய இருக்கிறதுதான் அம்மா பிரச்சினை," என்றான். அடுத்த கிழமை விசா அலுவல் தொடங்கிவிட்டது.

பனியோ என்று பார்க்க ஒரு நாள் உச்சி வெயிலில் போனேன். தார் உருகுகிற வெயில், பனி எங்கே வர? நூற்றுப் பத்துத்தான் காட்டியது. அன்வரைக் கூப்பிட்டேன். கிண்ணியாவில் இருந்து வந்து எத்தனையோ வருஷமாக அந்தப் புல்லைப் பார்க்கிற ஆள், உங்களோடு கிரிக்கெட் கதைக்கிற அதே அன்வர். அவன் வாங்கிப் பார்த்தான். ஒரு தரம் அமத்தினான். இன்னொரு தரம் அமத்தினான்.

"பொறுங்கக்கா, நான் போய்க் கொடியை மாத்தி ஊண்டிட்டு வாறன்," என்றான்.

அவன் குழி தோண்டுகிற சாமானோடு போய், கொடியைப் பின்பக்கம் தள்ளி ஊன்றிவிட்டு ஓரமாக விலகி நின்றான். நான் அளந்தேன். கொடி நூற்றுப் பதினெட்டு. சற்றே சரித்தேன். நூற்றுப் பதினாறு. கொடி போன இடத்துக்கு அதுவும் போயிருந்தது.

அன்வர் திரும்பி வந்து எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். அவன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"அக்கா, கம்பை ஊண்டக்குள்ள ஆரோ மத்தப் பக்கம் புடிச்சுத் தந்த மாதிரி நேரா நிண்டிச்சு. நான் பெரிசா எடுக்கல்ல," என்றான். பிறகு, "இனி பிஸ்மி சொல்லிட்டுத்தான் இந்தப் பக்கம் புல்லு வெட்டுவன்," என்றான்.

அதற்கடுத்த காலை நான் எல்லோருக்கும் முதல் போனேன். புல் முழுக்கப் பனித்துளி, ஒரு கால்தடமும் இல்லை. கொடியடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடிக்கு இரண்டு மீற்றர் இந்தப் பக்கம், இடதுபுறம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடம் மட்டும் நனையாமல் காய்ந்து கிடந்தது. என் சப்பாத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கால் எப்பவும் பெரிசு.

எனக்குப் பயம் வந்தது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பயப்படவில்லை. உங்களோடு நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் கிடந்தவள் நான். வெயிலிலும் மழையிலும் கையைத் தூக்கிக்கொண்டு, நான் அடிக்கப்போகிற பந்துக்காக நீங்கள் அங்கே நின்றுகொண்டே இருக்கிறீர்களோ என்றுதான் பயம். நான் மெல்பேர்ணுக்குப் போய்விட்டால் யாருக்காக நிற்பீர்கள்? நான் போய்விட்டேன் என்று உங்களுக்கு யார் வந்து சொல்வது? கப்பலில் கடைசிப் பாரம் இறங்கும் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையாத ஆள் நீங்கள்.

கபிலனிடம் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தரம் ஃபோனைக் கையில் எடுத்தேன். அவன் குரலைக் கேட்டால் வாய் வராது. பேரப்பிள்ளை ஃபோனுக்குள் என்னைப் பார்த்து "அப்பம்மா எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாள். அங்கே அவள். இங்கே நீங்கள். நான் என்ன செய்ய?

இன்றைக்குக் கடைசித் தரமாகப் போனேன். அன்வர் கொடியைப் பழைய இடத்திலேயே திரும்ப ஊன்றியிருந்தான். தண்ணீர்ப் பம்படியில் நின்றான், கிட்ட வரவில்லை. ஏழாவது குழியில் முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி அமத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. இடப்பக்கம் சரித்தேன். ஒன்றுமில்லை, எண் வராமல் வெறும் கோடுதான் வந்தது. திரும்பத் திரும்ப அமத்தினேன். நூற்றுப் பத்து வரவே இல்லை. நீங்கள் அங்கே இல்லை.

இதைத்தானே நான் ஆசைப்பட்டேன்? நீங்கள் போய்விட்டால் நானும் நிம்மதியாகப் போகலாம் என்றுதானே? ஆனால் அந்த இடத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். திரும்பவும் சொல்லாமல் போய்விட்டீர்களே என்று அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, பெரிய மட்டையை எடுத்து, மணலின் அங்காலக் கரையை நினைத்து அடித்தேன். பந்து மணலைத் தாண்டி, கொடிக்குக் கிட்டப் போய் நின்றது. இத்தனை வருஷத்தில் கொடிக்கு இவ்வளவு கிட்டப் போனது இதுதான் முதல் தரம். பார்க்க நீங்கள் இல்லை.

தனியாக நடந்து கொடியடிக்குப் போனேன். பனித்துளி கலையாமல் கிடந்தது, காய்ந்த இடம் எதுவும் இல்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து நான் உங்களுக்கு எப்படித் தெரிந்திருப்பேன் என்று பார்க்க ஒரு ஆசை. திரும்பிப் பாராதீங்கோ என்று ஐயர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் திரும்பினேன். வெயில் இப்போது என் முதுகுப் பக்கம். நான் பந்து அடிக்கிற மேடு துப்புரவாகத் தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை. பின்னால் மரங்கள் மட்டும் நின்றன.

பொத்தானை விடாமல் அமத்திப் பிடித்தால் தூரம் மாற மாற அந்தச் சாமான் காட்டிக்கொண்டே இருக்கும். அமத்திப் பிடித்தேன். மரத்தின் தூரம் வர வேண்டும். வந்தது நூற்றுப் பத்து. கை துடித்தது. பிறகு நூற்று எட்டு. நூற்று ஐந்து. என் கை அசையவில்லை. கண்ணாடிக்குள் வெறும் புல்தான் தெரிந்தது.

அப்போது ஆட்காட்டிக் குருவிகள் கத்தத் தொடங்கின. யாராவது கிட்ட நடந்தால் எழும்பிக் கத்துகிற அந்தக் குருவிகள்தான். முதலில் மேட்டடியில் ஒரு சோடி எழும்பியது. கொஞ்சத்தால் இந்தப் பக்கம் இன்னொரு சோடி. பிறகு இன்னும் கிட்ட. எண்பது, எழுபது என்று இறங்கியது. அவசரமில்லாத நடை. உங்கள் நடை எனக்குத் தெரியாதா? மணல் குழிக்குக் கிட்ட வந்ததும் தூரம் குறையாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நீங்கள் அதைச் சுற்றித்தானே வருவீர்கள்.

பன்னிரண்டு. ஒன்பது. ஆறு. பிறகு வெறும் கோடு. ஐந்து மீற்றருக்குள் நிற்கிறதை அந்தச் சாமானுக்கு அளக்க ஏலாது.

நான் அதைக் கண்ணிலிருந்து எடுத்தேன். முன்னால் ஒன்றும் இல்லை. குருவிகள் கத்துவதை நிறுத்திவிட்டன. ஒரு கையில் அந்தச் சாமானைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினேன். முஷ்டி பிடித்தேன். சரி, வாருங்கோ.

"அக்கா, ஆருக்குக் கை காட்டுறீங்க?" என்று பம்படியில் நின்று அன்வர் கேட்டான்.

"அவருக்குத்தான்," என்றேன்.

போகும்போது அந்தச் சாமானை அவனுக்குக் கொடுக்கப் பார்த்தேன். ஒரு அடி பின்னுக்குப் போனான். "குறை நினைக்காதீங்க, அது உங்கட வீட்டிலேயே இருக்கட்டும்," என்றான். நீங்கள் வைத்த அதே அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி உங்களை அளந்து பார்க்க எனக்கு அது வேண்டாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரியான சனம். நான் யன்னலோரம் இருந்து மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். நம் கண்டக்டர் வந்து பக்கத்து ஆசனத்தைக் காட்டி, "அன்ரி, இதில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன். அவன் என்னைப் பார்த்தான். அந்த ஆசனத்தைப் பார்த்தான். பிறகு நின்றுகொண்டிருந்த ஆட்களைப் பின்னுக்குப் போகச் சொன்னான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் நான் ஒரு பக்கம் ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் உள்ளே போனேன்.

அடுத்த கிழமை நான் புறப்படுகிறேன். கபிலன் தனக்கும் எனக்கும் மட்டும்தான் ஆசனம் பதிந்திருக்கிறான், அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயும் கோல்ஃப் மைதானம் இருக்கிறதாம். எந்தக் குழியாக இருந்தாலும் இனி நான்தான் முன்னுக்குப் போவேன். கொடிக்கு இரண்டு மீற்றர் இந்தப் பக்கம், இடதுபுறம் ஒதுங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். நீங்கள் வந்து சேரும் மட்டும் அந்தக் கையை இறக்க மாட்டேன். இது சத்தியம். நீங்கள் ஆறுதலாக வாருங்கோ.

என்றைக்கும் உங்கள் மனிசி,
கபிலனின் அம்மா